இம்யூனோதெரபி ஊசிக்கு இன்சூரன்ஸ்: பாலிசியில் எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும்?

புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி ஊசி போடலாம் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி "இன்சூரன்ஸில் வருமா?" என்பதுதான். வரும். எவ்வளவு வரும் என்பதை மட்டும் பாலிசியின் முதல் பக்கத்தில் போட்டிருக்கும் தொகையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

முதலில் மருந்தைப் பற்றிக் கொஞ்சம். நம் உடலில் நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களான டி-செல்களில் பிடி-1 என்றொரு புரதம் உண்டு. புற்றுச் செல் தன் மேல் இருக்கும் பிடி-எல்1 என்ற புரதத்தால் அதைப் பிடித்து டி-செல்லை அடக்கி வைத்துவிடும். பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப், அட்டிசோலிசுமாப், டர்வாலுமாப் போன்ற மருந்துகள் அந்தப் பிடியை விடுவிக்கின்றன. அப்புறம் புற்றைத் தாக்குவது நம் எதிர்ப்பு சக்தியேதான். இந்த வழிக்கு அடித்தளம் போட்ட ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. இவை கீமோ மருந்துகள் அல்ல, மோனோகுளோனல் ஆன்டிபாடி என்ற வகையைச் சேர்ந்தவை, அதாவது ஒரே இலக்கில் போய் ஒட்டும்படி ஆய்வகத்தில் தயாரித்த எதிர்ப்புப் புரதங்கள். க்ளெய்ம் விஷயத்தில் இந்த வகைதான் கணக்கு.

இந்திய இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, 2019 செப்டம்பரில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ரோபோ அறுவை சிகிச்சை, வாய்வழி கீமோ, ஸ்டெம் செல் சிகிச்சை என்று 12 நவீன சிகிச்சைகளைப் பட்டியலிட்டு, இவற்றை மருத்துவ பாலிசியிலிருந்து விலக்கி வைக்கக் கூடாது என்றது. ஊசியாகச் செலுத்தும் மோனோகுளோனல் ஆன்டிபாடி இம்யூனோதெரபியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. புதிய பாலிசிகளுக்கு 2019 அக்டோபர் 1 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2020 அக்டோபர் 1 முதலும் இது நடைமுறைக்கு வந்தது. இன்றைக்கும் பெரும்பாலான பாலிசிகளில் "நவீன சிகிச்சைகள்" என்று தனித் தலைப்பில் இந்தப் பட்டியலைப் பார்க்கலாம்.

சிக்கலும் அந்தத் தலைப்புக்குக் கீழேதான். விலக்கக் கூடாது என்பதுதான் விதி. முழுத் தொகையையும் கொடுக்க வேண்டும் என்பதல்ல. அதனால் பல பாலிசிகளில் சப்-லிமிட் என்ற உச்சவரம்பு உட்கார்ந்திருக்கும். எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி விற்க வேண்டிய ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். நவீன சிகிச்சைக்குக் காப்பீட்டுத் தொகையில் 50 சதவீதம்தான் வரம்பு. 5 லட்சம் பாலிசி என்றால் வருடத்துக்கு இரண்டரை லட்சம். போதாததற்கு, ஒவ்வொரு க்ளெய்மிலும் 5 சதவீதம் நோயாளி கையிலிருந்து போட வேண்டும்.

பெம்ப்ரோலிசுமாப் வழக்கமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் ஏற்றுவார்கள். 100 மில்லிகிராம் குப்பி இரண்டு. வருடம் முழுக்க நிற்காமல் போட்டால் பதினேழு தடவை வரும். ஒரு தடவைக்கு ஒன்றரை லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது ஊசியிலேயே வரம்பு தீர்ந்துவிடும். மீதி பதினைந்துக்கும் அடுத்த புதுப்பிப்பு வரை சொந்தப் பணம்தான். வரம்பு பாலிசி ஆண்டுக்கு உரியது என்பதால், புதுப்பிக்கும் தேதியைச் சிகிச்சை அட்டவணையின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. பாலிசி வாங்கும்போது அறை வாடகை வரம்பைத் துருவித் துருவிக் கேட்கிறோம். இந்த வரம்பை யாரும் கேட்பதில்லை, ஏஜென்டும் தானாகச் சொல்வதில்லை.

அடுத்தது "24 மணி நேரம் அட்மிட் ஆகவில்லை" என்ற பதில். இந்த ஊசி டிரிப்ஸாக அரை மணி நேரத்தில் ஏறி முடிந்துவிடும். பல பேர் மதியத்துக்குள் வீடு திரும்பிவிடுவார்கள். பட்டியலில் உள்ள சிகிச்சைகளை உள்நோயாளியாகவோ டே-கேராகவோ (அன்றே அட்மிட் ஆகி அன்றே வீடு திரும்பும் சிகிச்சை) ஏற்க வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் மருத்துவமனை வெறும் ஓபி பில்லும் பார்மசி ரசீதும் மட்டும் கொடுத்தால் உங்கள் வாதம் பலவீனமாகிவிடும். டே-கேர் அட்மிஷன் போட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி வாங்குங்கள். அதில் மருந்தின் பெயர், அளவு, எத்தனையாவது சைக்கிள் (எத்தனையாவது தடவை ஊசி) என்பது இருக்கட்டும். பார்மசி பில்லில் பேட்ச் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேஷ்லெஸ் கேட்கும்போது பயாப்ஸி ரிப்போர்ட், பிடி-எல்1 பரிசோதனை செய்திருந்தால் அதன் முடிவு, எதனால் இந்த மருந்து என்ற டாக்டரின் கடிதம் மூன்றையும் சேர்த்தே அனுப்பச் சொல்லுங்கள். "பரிசோதனை நிலையில் உள்ள சிகிச்சை" என்று தட்டிக்கழிக்க இடம் கொடுக்கக் கூடாது. இந்தியாவில் அந்த மருந்துக்கு அனுமதி தரப்பட்ட நோய்களில் உங்களுடையதும் ஒன்று என்று டாக்டர் ஒரு வரி எழுதித் தந்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஐஆர்டிஏஐயின் 2024 மே சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

அதே சுற்றறிக்கையில் இன்னொன்றும் உண்டு: க்ளெய்மை நிராகரிப்பதென்றால் நிறுவனத்தின் மறுஆய்வுக் குழு ஒப்புதல் தர வேண்டும், பாலிசியின் எந்த நிபந்தனைப்படி நிராகரிக்கிறோம் என்றும் எழுத்தில் காட்ட வேண்டும். போனில் சொல்வதை ஒப்புக்கொண்டு விட்டுவிடாதீர்கள், கடிதம் கேளுங்கள்.

நோய் வந்துவிட்டது, க்ளெய்மும் வாங்கியாயிற்று, அடுத்த வருடம் பாலிசியை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் பலருக்கு உண்டு. க்ளெய்ம் வாங்கினார் என்பதைக் காரணம் காட்டிப் புதுப்பிக்க மறுக்க முடியாது. தவணை தவறி பாலிசி காலாவதியாகிவிட்டால்தான் ஆபத்து. புற்றுநோயாளிக்குப் புது பாலிசி கிடைப்பது குதிரைக் கொம்பு.

தனியார் பாலிசி இல்லாதவர்களுக்கு வழி வேறு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் அது சிகிச்சைத் தொகுப்புப் பட்டியலை வைத்து நடப்பது. உங்கள் மருந்து அதில் இருக்கிறதா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் பெயர் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியான இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். நிறுவனம் மறுத்து ஒரு வருடத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களை அவர் விசாரிக்கலாம்.