ஸ்பிரிங்க்ளர்: தமிழில் தெளிப்பான்

நாகர்கோவிலில் பெரிய துணிக்கடை ஒன்றுக்குள் போய் மேலே பாருங்கள். கூரையில் ஆங்காங்கே சின்ன உலோக மூக்குகள் தொங்கினால், நடுவில் இருக்கும் கண்ணாடிக் குமிழைக் கவனியுங்கள். தடிமன் 3 அல்லது 5 மி.மீ.தான், உள்ளே பெரும்பாலும் சிவப்புத் திரவம். தீப்பிடித்தால் தண்ணீர் தெளித்து அணைக்கும் ஸ்பிரிங்க்ளர் இதுதான்.

ஆங்கிலத்தில் இதற்குத் 'தெளிப்பது' என்றே பொருள். தானாக இயங்கும் வகைக்கு 1874இல் காப்புரிமை பெற்றவர் ஹென்றி பார்மலி. அமெரிக்காவின் நியூ ஹேவனில் பியானோ தொழிற்சாலை நடத்தியவர். ஃபிரெடரிக் கிரின்னெல் 1881இல் அதை மேம்படுத்தினார்.

தமிழில் வேர் 'தெளி'. குமரி மாவட்டத்தில் விளவங்கோடு பக்கம் "முற்றத்துக்கு வெள்ளம் தெளிச்சாச்சா?" என்பார்கள்; வெள்ளம் என்றால் அங்கே தண்ணீர். கோவிலில் தீர்த்தம் தெளிப்பார்கள், கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் மந்திரித்த தண்ணீர் தெளிப்பார்கள். கலங்கல் அடங்கினால் நீர் தெளிந்தது; கையால் வீசினால் தெளித்தது. இந்தத் 'தெளிப்பு' உடன் 'ஆன்' சேர்ந்து தெளிப்பான், ஒலிப்பான் போல. 'தூவி' பொருந்தாது, தூவுவது பூவையும் பொடியையும். 'பீய்ச்சி'யும் வேண்டாம், பீய்ச்சுவது தீயணைப்பு வீரர் கையிலுள்ள குழாய்.

சிலர் 'தீத் தெளிப்பான்' என்று எழுதுகிறார்கள். அது தீயையே தெளிக்கும்போல! 'தீயணைப்புத் தெளிப்பான்' என்றால் குழப்பமில்லை. தோட்டத்தில் சுற்றும் பாசனக் கருவிக்கும் தெளிப்பான் என்றே பெயர் என்பதால், 'தானியங்கி' என்ற முன்னொட்டும் தேவைப்படலாம்.

பாசனத் தெளிப்பானுக்கு வால்வைத் திறந்தால் எல்லாம் சேர்ந்து சுழலும். கூரையில் இருப்பது அப்படியல்ல. குழாயில் எப்போதும் அழுத்தத்தில் தண்ணீர் நிற்கும். கீழே தீப்பிடித்துச் சூடு ஏறினால் குமிழுக்குள் திரவம் விரிந்து கண்ணாடி உடையும்; அடைப்பு விலகி, தண்ணீர் தகட்டில் மோதி குடை விரித்தாற்போல் இறங்கும். சிவப்புக் குமிழ் உடைவது 68 டிகிரி செல்சியஸில். மஞ்சள் 79, பச்சை 93. சூடு பட்ட தெளிப்பான் மட்டுமே திறக்கும். சினிமாவில் ஒரு சிகரெட் புகைக்கே மாடி முழுக்க மழை பெய்வது சும்மா கதை. புகைக்கு அலறுவது வேறு கருவி, அதன் பெயர் புகை உணரி.

எந்தக் கட்டடத்துக்கு இது கட்டாயம் என்பதை, உயரத்தையும் பயன்பாட்டையும் பார்த்து தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016இன் நான்காம் பகுதி சொல்கிறது. அமைக்கும் முறைக்கு ஐ.எஸ். 15105 என்ற தரநிலை உண்டு. நம்மூரில் வெள்ளையடிக்கிறவர்கள் கூரையோடு சேர்த்துக் குமிழுக்கும் பெயின்ட் பூசிவிடுவதுண்டு. பூசினால் சூடு குமிழுக்கு எட்டத் தாமதமாகும். சுரண்டி எடுப்பதும் சரிவராது. அந்தத் தெளிப்பானையே மாற்ற வேண்டும்.