மிளகாய் விதை முளைக்க ஏன் அத்தனை நாள்?

ஊறவைத்து ஈரத்துணியில் முடிந்து வைத்த பச்சைப்பயறு, மறுநாளே துணியின் இழைகளுக்கு இடையே வெண்ணிற முளையை நீட்டிவிடுகிறது. அதே துணியில் வைத்த மிளகாய் விதை ஒரு வாரம் ஆனாலும் அப்படியே கிடக்கிறது. வீட்டுக்குள் நாற்று வளர்க்க முற்படும் பலர், நான்காம் நாளே விதை பழுது என்று முடிவுகட்டி, மண்ணைக் கிளறிப் பார்க்கிறார்கள். உள்ளே வேலை மும்முரமாக நடந்துகொண்டிருக்கும் நேரம் அது.

நன்கு உலர்ந்த விதையில் ஈரம் எட்டு விழுக்காடு அளவிலேயே இருக்கும். அதைத் தண்ணீரில் போட்டதும் நீரை விரைந்து உறிஞ்சி உப்புகிறது. ஆனால் இது வெறும் இயற்பியல் நிகழ்வுதான், செத்த விதையும் இப்படி உப்பும். ஆகவே விதை பருத்திருப்பதைப் பார்த்து உயிர் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. சில மணி நேரத்தில் உறிஞ்சும் வேகம் தணிந்து, வெளியே எந்த மாற்றமும் தெரியாத ஓர் இடைக்காலம் தொடங்குகிறது. நீர் பட்டதுமே மீண்டும் எழுந்த சுவாசம் தொடர, உலர்ந்து கிடந்த காலத்தில் மரபுப்பொருளில் நேர்ந்த சேதங்கள் சீராவதும், புதிய புரதங்கள் உருவாவதும் அப்போதுதான்.

பயறுக்கும் மிளகாய்க்கும் உள்ள பெரிய வேறுபாடு விதையின் அமைப்பில் இருக்கிறது. பயறில் உணவு முழுவதும் இரண்டு பருப்புகளிலேயே, அதாவது வித்திலைகளிலேயே சேர்ந்திருப்பதால், தோல் பிளந்தால் முளைவேருக்கு வழி கிடைத்துவிடும். மிளகாய் விதையை நெடுக்காக வெட்டி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், சுருண்டு கிடக்கும் மெல்லிய வெண்ணிறக் கருவையும், அதை எல்லாப் பக்கமும் சூழ்ந்திருக்கும் கெட்டியான முளைசூழ்தசையையும், அதாவது கருவுக்கான உணவைச் சேர்த்துவைத்திருக்கும் திசுவையும் காணலாம். வேர்நுனிக்கு எதிரே உள்ள அந்தத் தசைச் சுவர் இளகினால்தான் வேர் வெளியே வர முடியும். கரு சுரக்கும் ஜிப்ரெல்லின் என்னும் ஹார்மோன் தூண்ட, அந்த இடத்துச் செல்கள் தம் சுவரையே கரைக்கும் நொதிகளை உண்டாக்குகின்றன. மிளகாயின் நெருங்கிய உறவான தக்காளியில் இது அழகாக மெய்ப்பிக்கப்பட்டது: ஜிப்ரெல்லினை உண்டாக்க இயலாத ஒரு தக்காளி வகையின் விதை தண்ணீரில் எத்தனை நாள் கிடந்தாலும் முளைக்கவில்லை, வேருக்கு எதிரே இருந்த தசையை வெட்டி நீக்கியதும் முளைத்தது.

நொதிகளின் வேலை வெப்பத்தைச் சார்ந்தது என்பதால், 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை மிளகாய்க்கு உகந்தது. 15 டிகிரிக்குக் கீழே காத்திருப்பு வாரக்கணக்கில் நீளும். குளிர்சாதன அறையில் வைத்த குழித்தட்டு ஏமாற்றுவதற்கு இதுவே காரணம்.

வெப்பக் குறைவைவிட அதிகமாகக் கெடுப்பது, மிகையான அன்பில் ஊற்றும் தண்ணீர் என்று எனக்குத் தோன்றுகிறது. சுவாசிக்கும் விதைக்கு ஆக்சிஜன் வேண்டும்; அது காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், தண்ணீரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் பரவுகிறது. மண்ணின் துளைகளெல்லாம் நீரால் நிறைந்துவிட்டால் விதை மூச்சுமுட்டி அழுகுகிறது. கையில் அள்ளிப் பிழிந்தால் சொட்டாமல், ஆனால் உருண்டை பிடிக்கும் பதத்தில் கலவை இருக்க வேண்டும். தென்னை நார்க்கழிவைப் பயன்படுத்துவோர் உப்பு போகுமாறு நன்கு அலசிய பிறகே அதைக் கலக்க வேண்டும், ஏனெனில் உப்பு மிகுந்தால் விதையால் நீரை இழுக்க முடிவதில்லை.

விதையை அரை முதல் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினால் போதும். எந்தப் பக்கம் மேலே என்று கவலைப்பட வேண்டியதில்லை. வேர்மூடியிலுள்ள செல்களில் கனமான மாவுமணிகள் புவியீர்ப்பால் அடியில் படிந்து திசை காட்ட, ஆக்சின் என்னும் ஹார்மோன் கீழ்ப்பக்கம் சேர்ந்து அப்பக்க வளர்ச்சியைத் தடுப்பதால் வேர் கீழ்நோக்கி வளைந்துவிடுகிறது. ஈரத்துணியிலேயே முளை வந்துவிட்டால், சில மில்லிமீட்டர் நீளத்திலேயே மண்ணுக்கு மாற்றுவது நல்லது. நீண்ட வேரின் நுனி விரல் பட்டால் எளிதில் ஒடியும்.

தண்டு நேராக எழாமல் கொக்கிபோல் வளைந்து, தோளால் மண்ணை முட்டிக்கொண்டு வருவது இளம் வித்திலைகளைக் காப்பதற்காக. வெளிச்சம் பட்டதும் கொக்கி நிமிரும். அதற்குள் விதைக்குள் இருந்த உணவு இருப்பு தீர்ந்துகொண்டே வருவதால், நாற்றுக்கு வெளிச்சம் தாராளமாக வேண்டும். ஜன்னலுக்கு எட்டத்தில் வைத்தால் தண்டு வெளிறி நீண்டு சாய்ந்துவிடும். மண்மட்டத்தில் தண்டு நைந்து மடியும் நாற்றழுகல் நோய்க்கு, தேங்கிய ஈரத்தில் பெருகும் பித்தியம் போன்ற கிருமிகள் காரணம் என்பதால், மேல்மண் சற்று உலர்ந்த பிறகே தண்ணீர் தெளிக்க வேண்டும்.

சில நாற்றுகளில் வித்திலைகளின் நுனியில் விதையுறை தொப்பிபோல் மாட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிய்த்தால் வித்திலையும் கிழிந்து வரும். ஒரு சொட்டுத் தண்ணீரை அதன்மேல் விட்டு அரை மணி நேரம் கழித்துத் தொட்டால், பெரும்பாலும் தானே வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும்.