ஐந்து பேர், பத்து இழைகள்

1995 அக்டோபர் 27. கனடாவின் கால்கரியில் நடந்த ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் அமெரிக்க அணியான டெட்ராய்ட் ரெட் விங்ஸ் பயிற்சியாளர் ஸ்காட்டி போமன் ஐந்து ரஷ்யர்களை ஒன்றாகப் பனித்தளத்தில் இறக்கினார். முன்களத்தில் லாரியோனோவ், ஃபெடரோவ், கோஸ்லோவ். பின்களத்தில் ஃபெடிசோவ், கான்ஸ்டான்டினோவ். லாரியோனோவ் அணிக்கு வந்ததே அந்த வாரம்தான். ஐவரும் சேர்ந்து அதற்கு முன் ஆடியதே இல்லை. ஆனாலும் வருஷக்கணக்காகக் கூடி ஆடியவர்கள் மாதிரி ஆடினார்கள். டெட்ராய்ட் 3-0 என்று ஜெயித்தது.

இது எப்படிச் சாத்தியம் என்று புரிய, முதலில் ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும்.

ஹாக்கி என்றதும் நமக்குப் புல்தரையும் 11 பேரும்தான் நினைவுக்கு வரும். ஐஸ் ஹாக்கியில் தளத்தில் நிற்பது ஆறு பேர்: கோல்கீப்பர், பின்களத்தில் இருவர், முன்களத்தில் மூவர். பந்து கிடையாது, 170 கிராம் எடையுள்ள ரப்பர் வட்டு. ‘பக்’ என்பார்கள். ரொம்பத் துள்ளாமல் இருப்பதற்காக ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைத்துவிடுவார்கள்.

கோல்கீப்பரைத் தவிர யாரும் தளத்தில் நிலைத்து நிற்பதில்லை. முக்கால் நிமிடம் போல ஆடிவிட்டுப் பெஞ்சுக்கு ஓடிவந்து விடுவார்கள், அடுத்தவர்கள் குதிப்பார்கள். காரணம் தசையில் இருக்கிறது. முழு வேகத்தில் பாயும்போது தசை முதலில் செலவழிப்பது பாஸ்போகிரியேட்டின் என்ற கையிருப்பை. அது சுமார் பத்து விநாடிக்குத்தான் வரும். அப்புறம் குளுக்கோஸை ஆக்ஸிஜன் இல்லாமலே உடைத்துச் சமாளிக்கும். அந்த வழியில் தசைக்குள் அமிலத்தன்மை ஏறும், ஒரு நிமிடத்தை நெருங்குவதற்குள் கால் கனத்துவிடும். சில நிமிடம் உட்கார்ந்தால் கையிருப்பு பெருமளவு திரும்பிவிடும். அதனால்தான் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது.

சிக்கல் இங்கேதான் வருகிறது. வட அமெரிக்கத் தொழில்முறை லீகான என்எச்எல்லில் ஒரு அணி 12 முன்கள வீரர்களையும் 6 பின்கள வீரர்களையும் வைத்துக்கொள்வது வழக்கம். மூவர் மூவராக நான்கு லைன். இருவர் இருவராக மூன்று ஜோடி. நான்கும் மூன்றும் தனித்தனியாகச் சுழலும். தாளத்தில் நான்காக எண்ணும் சதுஸ்ரத்தையும் மூன்றாக எண்ணும் திஸ்ரத்தையும் ஒரே நேரத்தில் போட்டால் பன்னிரண்டாவது எண்ணிக்கையில்தான் சந்திக்கும் அல்லவா, அந்தக் கதைதான். ஒரே ஆட்டத்தில் 12 வெவ்வேறு ஐவர்கள் உருவாகலாம்.

ஐந்து பேரை இருவர் இருவராகச் சேர்த்துப் பாருங்கள்: பத்து இணைப்பு, அதாவது பத்து இழை வரும். முன்கள மூவருக்குள் மூன்று, பின்கள இருவருக்குள் ஒன்று. இந்த நான்கு மட்டுமே நிரந்தரம். முன்களத்துக்கும் பின்களத்துக்கும் இடையே உள்ள ஆறும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். கோர்டி ஹோ, டெட் லிண்ட்சே, சிட் ஏபெல் சேர்ந்த டெட்ராய்ட்டின் பழைய ‘புரொடக்‌ஷன் லைன்’ எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், அதுவும் மூன்று இழைதான். சோவியத் அணிகள் செய்தது வேறு. ஐவரையும் ஒரே கட்டாகக் கட்டி, ஒன்றாக இறக்கி, ஒன்றாகவே ஏற்றின. பத்து இழையும் கெட்டியாகும்.

அந்த இழைகளில் ஓடுவது என்ன? நேரம். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் தள்ளிய பக் 15 மீட்டர் போக முக்கால் விநாடி ஆகும். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் சறுக்குகிறவர் அதற்குள் ஏழரை மீட்டர் நகர்ந்திருப்பார். ஆகவே அவர் இப்போது நிற்கும் இடத்துக்குத் தள்ளினால் வீண். போகப்போகும் இடத்துக்குத் தள்ள வேண்டும். கண்ணால் பார்த்ததற்குக் கை அசையவே சுமார் 0.2 விநாடி தேவை. எந்தப் பக்கம் என்று யோசித்தால் இன்னும் கூடும். கூட்டாளி எங்கே திரும்புவார் என்பது முன்பே தெரிந்தவருக்கு இந்தச் செலவு இல்லை. எதிரணி கோல்கீப்பருக்கு இதுதான் நரகம். கோலுக்கு முன்னால் பக் குறுக்கே பாய்ந்தால் அவர் முழு உடம்பையும் நகர்த்தியாக வேண்டும். பக் அவரைவிட வேகமானது.

1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இருவர் சதுரங்க ஆட்டக்காரர்களிடம் பலகையை ஐந்து விநாடி காட்டிவிட்டு, காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். உண்மையான ஆட்ட நிலையைத் தேர்ந்த வீரர் சுலபமாக அடுக்கினார். காய்களைக் கண்டபடி கலைத்து வைத்தபோது புதியவரைவிட அவர் அப்படியொன்றும் மேலாக இல்லை. அவரிடம் இருந்தது அபார நினைவாற்றல் இல்லை; பழகிய உருக்களின் சேமிப்பு. பனித்தளத்தில் அந்த உரு என்பது நான்கு கூட்டாளிகளின் பழக்கவழக்கம்.

அந்தச் சேமிப்பு எவ்வளவு விலை கொடுத்துச் சேர்க்கப்பட்டது என்பதைப் பச்சை ஐவர் கதையில் பார்க்கலாம். சோவியத் ராணுவ அணியான சிஎஸ்கேஏ மாஸ்கோவின் லாரியோனோவ், மகாரோவ், க்ரூடோவ், ஃபெடிசோவ், கசடோனோவ். பயிற்சியில் பச்சைச் சட்டை போட்டதால் வந்த பெயர். 1981 முதல் 1989 வரை பயிற்சியாளர் விக்டர் திகோனோவ் அவர்களை ஆண்டின் பெரும்பகுதி முகாமிலேயே வைத்திருந்தார். மனைவி, பிள்ளைகளைப் பார்ப்பதே அரிது. 1984, 1988 ஒலிம்பிக் தங்கங்கள் வந்தன. 1988-இல் லாரியோனோவ் ‘அகனியோக்’ பத்திரிகையில் பகிரங்கக் கடிதம் எழுதி அந்த வாழ்க்கையைத் தோலுரித்தார். அந்த ஆட்டத்தின் அழகை வியக்கும்போது எனக்கு அந்தக் கடிதமும் கூடவே ஞாபகம் வரும்.

1989-இல் ஐவரும் மூன்று என்எச்எல் அணிகளுக்குப் பிரிந்தார்கள். மகாரோவ் கால்கரியில் 31 வயதில் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் விருதை வாங்கினார் (பிறகு அந்த விருதுக்கு வயது வரம்பு வந்தது, வராமல் இருக்குமா?). வான்கூவர் போன க்ரூடோவ் ஒரே சீசனில் முடிந்துபோனார். இழை அறுந்ததன் விளைவு என்று இதை எழுதிவிட ஆசையாக இருக்கிறது. ஆனால் வயது, உடல் எடை, வீட்டு ஏக்கம் எல்லாம் கலந்து கிடக்கும் இடத்தில் காரணம் பிரிப்பது கஷ்டம்.

சரி, கால்கரி இரவுக்கு வருவோம். ஐவருமே ஏதோ ஒரு கட்டத்தில் சிஎஸ்கேஏ சட்டை போட்டவர்கள். லாரியோனோவும் ஃபெடிசோவும் பச்சை ஐவரின் பத்து இழைகளில் ஒன்றைச் சுமந்து வந்தார்கள். மற்ற மூவரும் டெட்ராய்ட்டில் ஏற்கெனவே பழகியவர்கள். மீதியை ஒரே பள்ளியில் கற்ற ஆட்ட இலக்கணம் நிரப்பியது. என்எச்எல் தளம் 26 மீட்டர் அகலம், அன்றைய வழக்கமான ஐரோப்பியத் தளத்தைவிட நான்கு மீட்டர் குறுகல். இடம் இல்லாவிட்டால் மற்ற அணிகள் பக்கை மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்தும். இவர்கள் திரும்பிப் பின்னால் தள்ளி, வட்டமடித்து, வழி திறக்கும்வரை காத்திருந்தார்கள். அந்த சீசனில் டெட்ராய்ட் 62 ஆட்டங்களை வென்றது. ஆனால் லீகின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை கொலராடோவுக்குப் போனது. 1997-இல் அது டெட்ராய்ட்டுக்குக் கிடைத்தது, 42 ஆண்டுகளுக்குப் பிறகு.

ஆறே நாளில், ஜூன் 13 அன்று, கான்ஸ்டான்டினோவ் போன லிமோசின் மரத்தில் மோதியது. தலையில் பட்ட காயத்தோடு அவர் ஆட்டம் முடிந்தது. நால்வர் மிஞ்சினார்கள், பத்தில் ஆறு இழை. 1998-இல் டெட்ராய்ட் மறுபடி கோப்பையை வென்றபோது கேப்டன் ஸ்டீவ் ஐசர்மன் அதை முதலில் கொண்டுபோய்க் கொடுத்தது, பனித்தளத்தின் நடுவே சக்கர நாற்காலியில் இருந்த கான்ஸ்டான்டினோவிடம்.