தங்கத் தூளும் டூத்பிக்கும்: வீட்டுக் கேக்கில் ஃபாண்டன்ட் பழகுபவர்களுக்கு

என் வகுப்புக்கு வரும் ஒரு பெண், மகளின் பிறந்தநாளுக்குத் தான் செய்த கேக்கின் படத்தைக் காட்டினார். ஃபாண்டன்டில் (கேக்கின் மேல் போர்த்தவும் பூ, பொம்மை செய்யவும் பயன்படும் சர்க்கரைப் பிசைமாவு) செய்த ரோஜாக்கள், ஒவ்வோர் இதழின் ஓரத்திலும் தங்க நிறப் பளபளப்புத் தூள். மூன்றே மாதப் பழக்கத்தில் இதழ் இவ்வளவு மெல்லிசாக வருவது பெரிய விஷயம், மனதாரப் பாராட்டினேன். அந்தத் தூளின் டப்பாவை மட்டும் அடுத்த வகுப்புக்கு எடுத்து வரச் சொன்னேன். பின்பக்கத்தில் 'நச்சற்றது', 'அலங்காரத்துக்கு மட்டும்' என்று இரண்டே வரிகள். உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் எந்தப் பக்கத்திலும் இல்லை.

"நச்சற்றதுன்னு போட்டிருக்கே, அப்போ சாப்பிடலாம்தானே மேடம்?" என்று கேட்டார்.

வகுப்பு நடத்தும் இத்தனை வருடங்களில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். வண்ணப் பென்சில் பெட்டியிலும்கூட நச்சற்றது என்று போட்டிருக்கும். அதற்காக யாரும் பென்சிலைச் சீவி கேக்கின் மேல் தூவ மாட்டோம். தின்பதற்காகத் தயாரித்த தூளின் டப்பாவில் 'உண்ணத்தக்கது' என்ற சொல்லும், கூடவே சேர்மானப் பட்டியலும் இருக்கும். சர்க்கரை, ஸ்டார்ச், மால்டோடெக்ஸ்ட்ரின், அக்கேசியா கோந்து, உணவுக்கு அனுமதிக்கப்பட்ட நிறமிகள், மைக்கா கலந்த முத்துப்பளபளப்பு நிறமி என்று அதில் பெயர்கள் வரும். பட்டியலே இல்லையென்றால் அந்த டப்பாவைக் கேக் மேசைக்குக் கொண்டுவராதீர்கள்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவில் நடந்த இரண்டு சம்பவங்களை அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2021 அக்டோபரில் தன் வார அறிக்கையில் வெளியிட்டிருந்தது. 2018இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், ஒரு பிறந்தநாள் விழாவில் கேக் சாப்பிட்ட ஆறு குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. கேக்கின் மேல் ரோஜா நிறத் தங்கப் பளபளப்புக்காகப் பூசியிருந்த தூளைச் சோதித்தால், அது பெரும்பாலும் செம்புப் பொடி. 2019இல் மிசௌரியில் ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கூடியிருந்தது. எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, பிறந்தநாள் கேக்கின் அலங்காரத்தில் இருந்த மஞ்சள் தூளில் கால் பங்கு ஈயம் இருந்தது தெரியவந்தது. அந்தக் கேக்குகளைச் செய்தவர்கள் யாரும் தீங்கு நினைத்திருக்க மாட்டார்கள். அழகாக இருக்கட்டும் என்றுதான் பூசியிருப்பார்கள்.

அந்தப் பெண் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார். "வீட்ல காகிதப் பூ செய்வேன் மேடம், அதுக்கு வச்சுக்கறேன்" என்றார். சரியான இடம்.

ஃபாண்டன்ட் கற்கவே வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. கையில் பிசைந்து, உருட்டி, ஒரு கேக்கின் மேல் சுருக்கமில்லாமல் போர்த்திவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்க்கும்போது வரும் சந்தோஷம் எனக்கு இன்றும் குறையவில்லை. ஆனால் புதிதாகப் பழகுபவர்கள் எல்லாருடைய கண்ணும் மேலே வைக்கும் பூவிலும் பொம்மையிலும்தான் இருக்கிறது. பிரச்சினைகள் பெரும்பாலும் அதற்கு அடியில் தொடங்குகின்றன.

முதலில் உள்ளே வைக்கும் நிரப்பியைப் பார்ப்போம். ஃபாண்டன்ட் என்பது பெரும்பாலும் சர்க்கரை. குளுக்கோஸ் சிரப், ஜெலட்டின், கிளிசரின், கொஞ்சம் கொழுப்பு ஆகியவை அதை வளைய வைக்கின்றன. (பாக்கெட் ஃபாண்டன்டிலும் மார்ஷ்மெல்லோவை உருக்கிச் செய்வதிலும் ஜெலட்டின் இருக்கக்கூடும். சைவம் சாப்பிடுபவர்களுக்குச் செய்யும்போது இதைக் கட்டாயம் பாருங்கள்.) சர்க்கரைக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. போர்த்திய கேக்கை ஃபிரிட்ஜில் வைத்து வெளியே எடுத்தால், காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் முத்து முத்தாகப் படியும். மேல்பரப்பு பிசுபிசுக்கும், கறுப்புக் கலர் வெள்ளைக்குள் வழியும். ஒருமுறை இப்படி ஆனவர்கள் அடுத்த முறை ஃபிரிட்ஜ் பக்கமே போவதில்லை. ராத்திரி முழுக்க மேசையிலேயே வைத்துவிடுகிறார்கள்.

உள்ளே கனாஷோ (சாக்லேட்டும் க்ரீமும் உருக்கிக் கலந்தது) ஜாமோ இருந்தால் அது சரி. ஃப்ரெஷ் க்ரீம், கஸ்டர்ட், க்ரீம் சீஸ், நறுக்கிய பழம் இருந்தால் சரியில்லை. அவற்றை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் ஒரு மணி நேரம்தான். கேக் வெளியே பார்க்கப் புதுசாகவே இருக்கும், உள்ளே கிருமி பெருகிக்கொண்டிருக்கும். அதிலும் ஃப்ரெஷ் க்ரீமின் ஈரம் ஃபாண்டன்டை அடியிலிருந்தே கரைத்துவிடும். ஆகவே கேக்கின் மேல் என்ன பொம்மை என்று யோசிக்கும் முன்பே, உள்ளே என்ன என்பதை முடிவு செய்துவிடுங்கள்.

நான் எப்போதும் சொல்லித்தருவது கனாஷ். டார்க் சாக்லேட் என்றால் எடையில் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு க்ரீம், ஒயிட் சாக்லேட் என்றால் மூன்றுக்கு ஒன்று. குளிர்ந்த அறையில் ஓரிரு நாள் தாங்கும். அதைவிட முக்கியமாக, இறுகியதும் சுவர் மாதிரி நிற்கும். ஃபாண்டன்ட் எதையும் மறைக்காது. அடியில் ஒரு குழி இருந்தால் மேலே குழி, ஒரு துணுக்கு இருந்தால் மேலே புடைப்பு. முதலில் மெல்லிசாக ஒரு பூச்சு பூசி உதிர்துகளை அமுக்கிவிட்டு, அது இறுகியதும் இரண்டாவது பூச்சைப் பூசி, ஸ்க்ரேப்பரால் நேராக இழுத்து, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். என் வகுப்பில் ஒரு முழு நாள் இதற்கே போகும். பூ எப்போது செய்வோம் என்று சிலர் முகம் வாடும். ஆனால் மறுநாள் போர்த்தும்போது அவர்களுக்கே புரிந்துவிடும்.

போர்த்துவதற்கு முன் ஃபாண்டன்டை நன்றாகப் பிசைய வேண்டும். இறுகியிருந்தால் மைக்ரோவேவில் ஐந்து ஐந்து விநாடியாகச் சூடாக்கலாம், ஒரேயடியாக வைத்தால் உருகிவிடும். கையில் மோதிரம் வேண்டாம், பஞ்சு பறக்கும் ஸ்வெட்டரும் வேண்டாம். வெள்ளை ஃபாண்டன்டில் ஒரு நூல் ஒட்டினாலும் தெரியும். அளவு எளிது: கேக்கின் விட்டம், இரண்டு பக்கத்து உயரம், பிடித்து வெட்ட இன்னும் ஐந்து சென்டிமீட்டர். 20 சென்டிமீட்டர் விட்டமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள கேக்குக்கு 45 சென்டிமீட்டர் வட்டம்.

கனம் 3 மில்லிமீட்டர் போதும். கிழிந்துவிடுமோ என்ற பயத்தில் பலர் இரு மடங்கு கனமாக உருட்டுகிறார்கள். கனமானால் எடையும் கூடும், அந்த எடையே விளிம்பில் இழுத்துக் கிழித்துவிடும். இன்னொன்றும் உண்டு. மேலே சொன்ன அளவுக் கேக்கை 3 மில்லிமீட்டரில் மூடினால் கிட்டத்தட்ட 400 கிராம் ஃபாண்டன்ட் அதன் மேல் உட்காரும், 6 என்றால் 800. ஏறக்குறைய எல்லாம் சர்க்கரை. நாளொன்றுக்கு 25 கிராம் சர்க்கரைக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015 முதல் சொல்லிவருகிறது. கேக் சாப்பிடும் நாளில் கணக்குப் பார்க்கச் சொல்லவில்லை. வாயை அடைக்கிற கனத்தில் சர்க்கரைத் தோல் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். முழுக் கேக்கையும் மூடாமல், கனாஷ் பூச்சின் மேல் நாலு ஃபாண்டன்ட் பூக்களை மட்டும் வைத்தாலும் அழகுதான். எனக்கு இப்போதெல்லாம் அதுவே அதிகம் பிடிக்கிறது.

இறுகிய கனாஷின் மேல் கொதித்து ஆறிய தண்ணீரைப் பிரஷ்ஷால் லேசாகத் தடவிவிட்டு விரிப்பைப் போடுங்கள். மேல்தளத்தையும் மேல் விளிம்பையும் முதலில் ஒட்டிவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் பக்கங்கள். கீழே பாவாடைக் கொசுவம் மாதிரி மடிப்பு விழும். அதைக் கீழே இழுக்கக் கூடாது, வெளிப்புறமாக விரித்துவிட்டு உள்ளங்கையால் மேல்நோக்கித் தடவ வேண்டும். காற்றுக் குமிழ் தெரிந்தால் மெல்லிய ஊசியைச் சாய்த்துக் குத்தி அமுக்கலாம். தலையில் கலர் மணி வைத்த ஊசியாகப் பாருங்கள், வேலை முடிந்ததும் ஊசிகளை எண்ணிப் பெட்டியில் போடுங்கள். விளிம்பில் யானைத் தோல் போலச் சின்னச் சின்ன விரிசல் வந்தால் ஃபாண்டன்ட் காய்ந்துவிட்டது என்று பொருள். விரல் நுனியில் துளி வெஜிடபிள் ஷார்ட்டனிங் (வனஸ்பதி போன்ற கெட்டிக் கொழுப்பு) எடுத்து வட்டமாகத் தேய்த்தால் பெரும்பாலும் மறையும்.

கலருக்கு ஜெல் வகையையே வாங்குங்கள், தண்ணீராக இருக்கும் கலர் ஃபாண்டன்டைக் குழைத்துவிடும். நிறம் சில மணி நேரத்தில் தானாகவே அடர்த்தியாகும் என்பதால் ஒரு படி குறைவாகவே கலந்து மூடிவையுங்கள். கறுப்பையும் சிவப்பையும் வெள்ளையிலிருந்து வரவழைக்கப் பார்த்தால் கலர் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கசப்பும் வரும். அந்த இரண்டையும் நிறம் சேர்த்ததாகவே வாங்குவது நல்லது. டார்ட்ராசின், சன்செட் யெல்லோ, அலூரா ரெட் உள்ளிட்ட ஆறு செயற்கை நிறமிகளில் எது சேர்ந்திருந்தாலும் அந்த உணவின் லேபிளில், குழந்தைகளின் சுறுசுறுப்பையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாக்கியிருக்கிறது. பளிச்சென்ற வெள்ளைக்காகச் சேர்க்கும் டைட்டானியம் டையாக்சைடை 2022இல் அங்கே உணவிலிருந்தே விலக்கிவிட்டார்கள். மற்ற பல நாடுகளில் அதற்கு இன்னும் அனுமதி உண்டு. கொஞ்சம் மங்கலான வெள்ளையும் வெள்ளைதான் என்பது என் கருத்து.

இனி பொம்மைகள். கால் கிலோ ஃபாண்டன்டுக்கு ஒரு டீஸ்பூன் சிஎம்சி தூள் (உணவைக் கெட்டியாக்கும் ஒரு தூள்) கலந்து பிசைந்தால் இறுகி நிற்கும், இரண்டு நாள் முன்னாலேயே செய்து காயவிடலாம். இங்கேதான் டூத்பிக் வருகிறது. தலை கழன்று விழாமல் இருக்க, கழுத்துக்குள் டூத்பிக் குத்திவிடுவார்கள். முன்பு நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஒரு விழாவில், நான் செய்த கரடிப் பொம்மையை நாலு வயதுப் பையன் அப்படியே எடுத்துத் தலையைக் கடித்தான். குச்சியின் கூர்முனை அண்ணத்தில் குத்தியது. கொஞ்சம் ரத்தம், நிறைய அழுகை, அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து என் கேக்கில் டூத்பிக் கிடையாது. வேகவைக்காத ஸ்பகெட்டிக் குச்சியை உடைத்துச் செருகுகிறேன். சின்னப் பொம்மைக்கு அது போதும், கடித்தால் நொறுங்கிவிடும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் செய்யும்போது பசையம் இல்லாத ஸ்பகெட்டி.

பூக்களுக்குக் கம்பி வைத்தே ஆக வேண்டும் என்றால், கம்பியை நேராகக் கேக்குக்குள் குத்தாதீர்கள். உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக் பூக்குழாயைச் செருகி, அதற்குள் கம்பியை விடுங்கள். கடினமான வெள்ளி நிறச் சர்க்கரை முத்துகளை மூன்று நான்கு வயதுக் குழந்தைகளின் கேக்கில் நான் வைப்பதே இல்லை, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சில ஊர்களில் அந்த முத்து டப்பாவிலேயே 'அலங்காரத்துக்கு மட்டும்' என்று இருக்கும். பட்டியலைப் பார்க்கும் பழக்கம் இதற்கும் பொருந்தும்.

மீந்த ஃபாண்டன்டின் மேல் ஷார்ட்டனிங் தடவி, கிளிங் ஃபிலிமில் இறுக்கிச் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் அறை வெப்பத்திலேயே வைக்கலாம். போர்த்திய கேக்கை ஃபிரிட்ஜில் வைத்தே தீர வேண்டும் என்றால் அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். வெளியே எடுத்ததும் பெட்டியைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். ஈரம் பெட்டியின் மேல் படியும், கேக் பெரும்பாலும் தப்பிக்கும்.

கேக்கைக் கொடுக்கும்போது பெட்டியின் மூடியில் ஒரு சின்னத் தாள் ஒட்டிக் கொடுக்கிறேன். உள்ளே என்ன நிரப்பி, எத்தனை மணி நேரம் வெளியில் இருக்கலாம், ஜெலட்டின் உண்டா, வெட்டுவதற்கு முன் எவற்றை எடுத்துவிட வேண்டும், அவை மொத்தம் எத்தனை. அடுக்குக் கேக் என்றால் உள்ளே எத்தனை தாங்குகுச்சிகள் என்பதையும் எழுதுகிறேன். கத்தியைக் கையில் எடுப்பவரிடம் அதை ஒருமுறை வாசித்தும் காட்டிவிட்டுத்தான் கிளம்புவேன்.