மிடன்ஸ்டண்ட்: நடுத்தர வர்க்கம் அல்ல, கடைக்காரர்கள்

'பேரங்காடிகள் பெருகியதால் நெதர்லாந்தின் நடுத்தர வர்க்கம் நொடித்துப்போனது' என்ற மாதிரி வாக்கியங்களைத் தமிழ் மொழிபெயர்ப்புகளில் படித்துப் படித்து அலுத்துவிட்டது. பேரங்காடி வந்தால் நடுத்தர வர்க்கத்துக்குக் கொண்டாட்டம்தானே? அங்கே தள்ளுவண்டியோடு திரிகிறவர்களே அவர்கள்தான். நொடித்தது தெருமுனை ரொட்டிக் கடைக்காரரும் இறைச்சிக் கடைக்காரரும். மூலத்தில் இருக்கும் டச்சுச் சொல் மிடன்ஸ்டண்ட்.

சொற்பிறப்பு எளிது. மிடன் என்றால் நடு. ஸ்டண்ட் என்பது 'நில்' என்ற பொருளுள்ள வினையோடு உறவுள்ளது. நில், நிலை என்பதைப் போல. பிரபுக்கள், குருமார், நகரக் குடிகள் என்று பழைய சமூகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்டண்ட், அதாவது சமூக நிலை. தகுதிக்கு மீறி வாழ்வதை இன்றும் 'போவன் ஸைன் ஸ்டண்ட் லேவன்' என்பார்கள். மிடன்ஸ்டண்டும் முதலில் மேலோருக்கும் கீழோருக்கும் இடைப்பட்டவர்களைப் பொதுவாகக் குறித்ததுதான். பிறகு சொந்தக் கடையோ பட்டறையோ வைத்திருப்பவர்கள் என்று பொருள் சுருங்கிவிட்டது.

நாம் நடுத்தர வர்க்கம் என்றதும் கண்முன் வருவது மாதச் சம்பளமும் வீட்டுக் கடனும். டச்சில் பள்ளி ஆசிரியரை மிடன்ஸ்டண்டில் சேர்க்க மாட்டார்கள். சைக்கிள் கடைக்காரரைச் சேர்ப்பார்கள். வர்க்கத்துக்கு மிடன்கிளாஸ என்று தனிச்சொல்லே இருக்கிறது. 1937 சிறுவணிகச் சட்டத்தை ஒட்டி, கடை திறக்க விரும்பியவர்கள் வாங்கவேண்டியிருந்த வணிக அறிவுச் சான்றிதழின் பெயர் மிடன்ஸ்டண்ட்ஸ் டிப்ளோமா. இதை 'நடுத்தர வர்க்கப் பட்டயம்' என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்? வர்க்கத்தில் சேர எங்காவது பரீட்சை வைக்கிறார்களா? பெல்ஜியத்தில் மிடன்ஸ்டண்டுக்கென்று அமைச்சரே உண்டு. அவரை 'நடுத்தர வர்க்க அமைச்சர்' ஆக்கினால், வருமான வரியைக் குறைக்கச் சொல்லிச் சம்பளக்காரர்கள் மனுவோடு வரிசையில் நின்றுவிடுவார்கள்.

தனித்தமிழ் அன்பர்கள் சொல்லுக்குச் சொல் வைத்து 'நடுநிலையர்' என்கிறார்கள். வேர் பொருந்துகிறது, சரி. ஆனால் தமிழில் நடுநிலை என்றால் எந்தப் பக்கமும் சாயாமை. கடைக்காரரை நீதிபதி ஆக்கிவிடுகிறது. 'இடை வகுப்பார்' அதைவிட மோசம். வகுப்பு என்றாலே நம் ஊரில் சாதிச் சான்றிதழ்தான் நினைவுக்கு வரும். தூய்மை வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான், ஆனால் தூய சொல் தவறான ஆளைக் காட்டினால் அந்தத் தூய்மையை வைத்து என்ன செய்ய?

பலர் டச்சைப் பார்ப்பதே இல்லை என்பதுதான் சிக்கல். ஆங்கில அகராதியில் முதல் பொருளைப் பிடித்து, அதற்குப் பழகிய தமிழை ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அந்த வரியில் வருபவர் ஷட்டரைத் தூக்குகிறாரா, அலுவலகத்துக்குப் பேருந்து பிடிக்கிறாரா என்று ஒரு கணம் யோசித்தால் போதும்.

என் தேர்வு சிறுவணிகர். பழைய டிப்ளோமா சிறுவணிகச் சான்றிதழ். தனி ஆளைச் சொல்லும்போது கடைக்காரர் என்றே எழுதலாம். முடிதிருத்துபவரும் குழாய் ரிப்பேர்காரரும் சேர்ந்து வரும் இடத்தில் சிறுவணிகர், கைத்தொழில் செய்வோர் என்று இரண்டையும் போடுங்கள். ஒரு சொல்லுக்கு ஒரே சொல்தான் வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.