கேசினோ: விடுதியா, கழகமா, கூடமா?

கேசினோ என்று வரும் இடமெல்லாம் 'சூதாட்ட விடுதி' என்று எழுதுவது ஏறக்குறைய விதியாகிவிட்டது. செய்தியில் அப்படி, படங்களின் தமிழ் வசனவரியிலும் அப்படி. பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் பயணக் கட்டுரை ஒன்றின் மொழிபெயர்ப்பில் 'கணவரின் வணிகப் பயணத்துடன் இணைந்த தளர்வான சூதாட்ட விடுதி விடுமுறை' என்று படித்ததும் பொறுமை போய்விட்டது. சொல்லவந்த விஷயம் இவ்வளவுதான்: கணவர் ஆபீஸ் வேலையாக லாஸ் வேகாஸ் போகிறார். மனைவியும் கூடவே போய், அவர் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஆற அமரக் கொஞ்சம் சீட்டாடி, ஊர் சுற்றி, நன்றாகத் தூங்கிவிட்டு வருகிறார். இதைச் சொல்லும் அந்தத் தொடரில் நாலு சொல் பிசகு. விடுதியை முதலில் பார்ப்போம்.

சொல்லின் பிறப்பு பெரிய மர்மம் இல்லை. இத்தாலிய மொழியில் காசா என்றால் வீடு, காசினோ என்றால் சின்ன வீடு. (தமிழில் படிப்பவர்களுக்குச் சிரிப்பு வந்தால் நான் பொறுப்பில்லை. இத்தாலியத்திலும் சொல் அந்தப் பக்கம் போனதுதான்: இன்று அங்கே காசினோ என்றால் விலைமாதர் இல்லம், பேச்சு வழக்கில் ஒரே களேபரம். சூதாடும் இடத்தைக் குறிக்கக் கடைசி உயிரில் அழுத்தம் கொடுத்துத் தனியாக உச்சரிக்கிறார்கள்.) முதலில் ஓய்வெடுக்கக் கட்டிய சிறு மாளிகை, பிறகு ஆடல் பாடலுக்குக் கூடும் மன்றம், அதன்பின் பணம் வைத்து ஆடும் இடம் என்று பொருள் நகர்ந்தது. ஸ்பெயினில் இன்னும் பல ஊர்களில் காசினோ என்பது ஊர்ப் பெரியவர்கள் கூடும் சங்கம்தான். ஜெர்மானியர்கள் ராணுவ அதிகாரிகளின் உணவு மன்றத்தையும் அப்படி அழைப்பதுண்டு.

சொல்லின் இந்தப் பயணத்தில் எங்கேயும் வெளியூர்க்காரர் வந்து தங்கும் இடம் என்ற பொருள் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். விடுதி என்றால் நமக்குத் தங்கும் இடம். மாணவர் விடுதி, மகளிர் விடுதி, பயணியர் விடுதி, எதை எடுத்தாலும் உள்ளே பாயோ கட்டிலோ இருக்கும். 'உணவு விடுதி இருக்கிறதே' என்று ஒருவர் கேட்கலாம். இருக்கிறது. சாப்பிடும் இடத்துக்கும் தங்கும் இடத்துக்கும் ஓட்டல் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டதால் வந்த வினை அது என்று நினைக்கிறேன். ஒரு குளறுபடியைக் காட்டி இன்னொன்றை நியாயப்படுத்த முடியாது.

உண்மையில் எத்தனையோ கேசினோக்களில் ஒரு படுக்கைகூடக் கிடையாது. வெனிஸில் 1638-இல் அரசு அனுமதியோடு தொடங்கி 1774-இல் மூடப்பட்ட ரிதோத்தோ, ஒரு மாளிகையின் பகுதியில் நடந்த ஆட்டக்களம். மொனாக்கோ நாட்டில் மொண்டே கார்லோவின் பெயர்பெற்ற கேசினோவில் ஆடலாம், தங்க முடியாது. தங்குவதற்கு அருகிலேயே ஓட்டல் த பாரி 1864-இல் வந்தது. இரண்டும் இரண்டு கட்டடம்.

லாஸ் வேகாஸில் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழ் இருப்பதால்தான் மொழிபெயர்ப்பாளர் ஏமாந்துபோகிறார். 1931-இல் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்த பிறகு அங்கே வளர்ந்த பெரிய ஓட்டல்களில், கேசினோ என்பது கீழ்த்தளத்தில் இருக்கும் ஒரு பகுதி. மேலே அறைகள், பக்கத்தில் மாநாட்டு அரங்கு. அந்த அரங்குக்கும் ஒரு கணக்கு உண்டு. வார இறுதியில் ஆட வருகிறவர்களால் அறைகள் நிரம்பிவிடும், வார நாட்களில் காற்று வாங்கும். 1979 முதல் காம்டெக்ஸ் என்ற கணினிக் கண்காட்சியை அங்கே நடத்திய ஷெல்டன் ஆடெல்சன் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். 1989-இல் சாண்ட்ஸ் ஓட்டலை வாங்கி, அதை ஒட்டியே பெரிய கண்காட்சி அரங்கைக் கட்டினார். வார நாள் அறைகளை நிறுவனங்களின் செலவில் நிரப்புவது அவர் வழி. 2010-இல் அவர் நிறுவனம் சிங்கப்பூரில் திறந்த மரீனா பே சாண்ட்ஸிலும் அறை, அரங்கு, ஆட்டம் என்ற அதே மூன்றும் ஒரே இடத்தில். நம் கட்டுரையின் தம்பதி போனதும் இந்த ஏற்பாட்டுக்குள்தான். கணவர் அரங்கில், மனைவி கீழே, அறை வாடகை கம்பெனி கணக்கில்.

இந்த மூன்றில் இரண்டுக்கு விடுதி என்று ஒரே பெயர் வைத்தால் என்ன நடக்கும்? 'காலை உணவுக்குப் பின் விடுதியிலிருந்து சூதாட்ட விடுதிக்கு இறங்கினாள்' என்று எழுத நேரும். லிஃப்டில் இறங்கியவளை இன்னொரு கட்டடத்துக்கு அனுப்பியாயிற்று.

சூது என்ற சொல்லே உறுத்துகிறது என்று சிலர் 'கேளிக்கை விடுதி', 'உல்லாச விடுதி' என்று எழுதுகிறார்கள். இது எனக்கு இன்னும் ஆகாது. விடுதியின் பிழை அப்படியே இருக்க, இருந்த தெளிவும் போய்விடுகிறது. கேளிக்கை விடுதியில் ஒருவர் பணத்தை எல்லாம் இழந்தார் என்றால் எப்படி இழந்தார், திருடுபோனதா? சூதுவாது, சூழ்ச்சி என்ற வாடை அந்தச் சொல்லில் அடிக்கத்தான் செய்கிறது. அடிக்கட்டும். கேசினோ நடத்துகிறவர்கள் ஆங்கிலத்தில் 'கேம்பிளிங்' (சூதாட்டம்) என்பதை மெல்ல 'கேமிங்' (விளையாட்டு) ஆக்கிக்கொண்டார்கள், நெவாடாவின் கண்காணிப்பு வாரியம் பெயரிலேயே அதுதான் இருக்கிறது. அந்தப் பூச்சுவேலையைத் தமிழிலும் நாம் ஏன் இலவசமாகச் செய்து தரவேண்டும்? சூது வடமொழியிலிருந்து வந்தது என்பார்கள் ஒரு சாரார், இல்லை என்பார்கள் இன்னொரு சாரார். திருக்குறளில் ஓர் அதிகாரத்துக்கே அதுதான் தலைப்பு. எனக்கு அது போதும்.

வேடிக்கை என்னவென்றால், காசினோவின் பழைய இத்தாலியப் பொருளுக்கு மிக நெருக்கமான தொடர் நம்மிடம் தயாராக இருக்கிறது: மனமகிழ் மன்றம். உள்ளே சீட்டுக்கட்டு புழங்குவதிலும் பொருத்தம் குறைவில்லை. ஆனால் அது கிளப் என்பதற்கு வழங்கி நிலைத்துவிட்டது, பிடுங்கி நட முடியாது.

தனித்தமிழ் அன்பர்கள் நீட்டும் சொல் கழகம். ஆதாரம் கெட்டியானது. 'கவறும் கழகமும் கையும் தருக்கி இவறியார் இல்லாகி யார்' என்கிறது குறள். கவறு என்றால் உருட்டும் காய், கை என்றால் ஆடும் திறமை, கழகம் என்றால் சூதாடும் இடம். அதே அதிகாரத்தில் 'பழகிய செல்வமும் பண்பும் கெடுக்கும் கழகத்துக் காலை புகின்' என்றும் வருகிறது. கேசினோவுக்கு இதைவிடப் பொருத்தமான பழஞ்சொல் கிடையாது. ஆனால் கம்பர் காலத்திலேயே 'கலைதெரி கழகம்' என்று அது பாடசாலைப் பக்கம் வந்துவிட்டது. இன்று பல்கலைக்கழகம், கால்பந்துக் கழகம், போக்குவரத்துக் கழகம், அப்புறம் கட்சிகள். 'நேற்றிரவு கழகத்தில் நிறையப் பணம் போயிற்று' என்று எழுதிப் பாருங்கள், வாசகர் மனம் எங்கே போகும் என்று. சொல்லை மீட்கிறேன் என்று கிளம்பி வம்பை மீட்டு வருவானேன்? பழைய இலக்கியத்துக்கு உரை எழுதும்போது கழகம் இருக்கட்டும், பயணக் கட்டுரையில் வேண்டாம்.

மிஞ்சுவது கூடம். பள்ளிக்கூடம், ஆய்வுக்கூடம், சமையற்கூடம் என்று ஒரு வேலைக்கென ஒதுக்கிய இடத்தைக் கூடம் என்பது நம் வழக்கம். சூதாட்டக்கூடம் அந்த வரிசையில் இடிக்காமல் உட்காரும். தனிக் கட்டடமானாலும் ஓட்டலுக்குள் ஒரு தளமானாலும் பொருந்தும். புதிதாக உருவாக்கும் பெருமைகூட எனக்கு இல்லை, சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்திகளில் இது ஏற்கெனவே புழங்குகிறது. முழு வளாகத்தைச் சொல்ல வேண்டுமானால் 'சூதாட்டக்கூடம் உள்ள ஓட்டல்' என்று நீட்டலாம், இல்லையேல் கேசினோ என்றே விட்டுவிடலாம். அரைகுறைத் தமிழைவிடத் தெளிவான கடன்சொல் மேல் என்பது என் கட்சி. கழகம் இல்லை.

அந்தத் தொடரின் மற்ற பிசகுகள்: 'வணிகப் பயணம்' என்றால் சரக்கு விற்கப் போவது. சம்பளக்காரர் மாநாட்டுக்குப் போவது அலுவல் பயணம், பேச்சில் 'வேலை விஷயமாகப் போவது'. 'தளர்வான' என்றதும் ஊரடங்கு, முடிச்சு, முதுமை என்றுதான் தோன்றும். 'நிதானமான' என்றோ 'ஓய்வான' என்றோ எழுத யார் தடுத்தது? விடுமுறையின் முன்னால் எதை வைத்தாலும் நமக்கு அது காரணமாகிவிடும்: மழை விடுமுறை, தேர்தல் விடுமுறை. சூதாட்ட விடுமுறை என்றால் சூதாட்டத்தை முன்னிட்டு அலுவலகங்கள் இயங்காது என்ற அறிவிப்பு போலிருக்கிறது.

இப்படி மொழிபெயர்க்கிறவர்கள்தான் 'ஹவுஸ் எட்ஜ்' என்பதை 'வீட்டு விளிம்பு' என்கிறார்கள். மொட்டைமாடியிலிருந்து யாரோ விழப்போவதுபோல. அங்கே ஹவுஸ் என்பது ஆட்டத்தை நடத்துபவர். ரூலெட் என்பது சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பணம் வைக்கும் ஆட்டம். அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் 1 முதல் 36 வரையும் 0, 00 என்ற இரண்டும் சேர்த்து 38 குழிகள். ஓர் எண்ணில் ஒரு டாலர் வைத்து ஜெயித்தால் அந்த டாலரோடு 35 டாலர் தருவார்கள். 38 எண்ணிலும் ஒவ்வொரு டாலர் வைப்பவருக்குத் திரும்புவது 36. மீதி 2 டாலர் நடத்துபவருக்கு, அதாவது 5.26 விழுக்காடு. அதற்குக் கூடத்தின் பங்கு என்று எழுதினால் போதும்.