காயாத சிமெண்டில் பதிந்த கால்தடம்

ஒரு வண்ணம் மெல்ல இன்னொரு வண்ணமாகக் கரையும் பின்னணியை இணையப் பக்கங்களில் பார்த்திருப்பீர்கள். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழியான சிஎஸ்எஸ்-இல் அதற்கு கிரேடியண்ட் என்று பெயர். வண்ணம் எந்தப் பக்கமாக மாற வேண்டும் என்பதை டிகிரியில் சொல்லலாம். சரி, 0 டிகிரி என்றால் எந்தப் பக்கம்? 2010-இல் எழுதியவருக்கு அது இடமிருந்து வலம். இன்று எழுதுபவருக்குக் கீழிருந்து மேல்.

சிஎஸ்எஸ் தரநிலையின் அன்றைய வரைவு, பள்ளிக்கூடக் கணக்குப் பாடத்தின் வழியில் போனது. 0 வலப்பக்கம், அங்கிருந்து கோணம் கடிகாரத்துக்கு எதிராகக் கூடும். பிறகு அதை எழுதும் குழு மனம் மாறி, திசைகாட்டியைப் போல 0-ஐ மேலே வைத்துக் கடிகாரத் திசையில் எண்ணத் தொடங்கியது. பழைய கோணத்தை 90-இலிருந்து கழித்தால் புதிய கோணம் கிடைக்கும். இதில் ஒரு வேடிக்கை: 45 டிகிரிக்கும் அதற்கு நேரெதிரான 225-க்கும் மட்டும் இரண்டு முறையிலும் ஒரே திசைதான். 45-ஐ மட்டும் வைத்துச் சோதித்தவர் எந்த மாற்றமும் இல்லை என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

முடிவாகும் வரை காத்திருந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் தரநிலை காகிதத்தில் மட்டும் முடிவாகிவிடாது. இணையத் தரநிலைகளை வெளியிடும் அமைப்பான டபிள்யூ3சி ஒரு வரைவை இறுதிப் பரிந்துரையாக உயர்த்துவதற்கு முன், அது நடைமுறையில் வேலை செய்கிறது என்று யாராவது காட்டியாக வேண்டும். அதாவது பிரவுசர்கள் முதலில் அதைச் செய்து பார்க்க வேண்டும். செய்து பார்த்ததை வெளியே விட்டால், மக்கள் பயன்படுத்தத் தொடங்கிவிடுவார்கள். சிக்கலே அங்கேதான்.

இதற்குக் கண்டுபிடித்த வழி முன்னொட்டு. சோதனையில் இருக்கும் அம்சத்தின் பெயருக்கு முன்னால் ‘-வெப்கிட்-’ (சஃபாரி, குரோம்), ‘-மோஸ்-’ (பயர்பாக்ஸ்) என்று அந்தந்த பிரவுசர் தன் அடையாளத்தை ஒட்டிக்கொள்ளும். இது இன்னும் முடிவாகவில்லை, நாளை மாறலாம் என்று அர்த்தம். கிரேடியண்ட் விஷயத்தில் இது ஓரளவு காப்பாற்றியது. முன்னொட்டுள்ள வரி பழைய அர்த்தத்திலேயே ஓடியது, முன்னொட்டு இல்லாத வரிக்குப் புதிய அர்த்தம் வந்தது. மாட்டிக்கொண்டவர்கள் யார் தெரியுமா? முன்யோசனைக்காரர்கள்! நாளைக்கு உதவும் என்று, முன்னொட்டு இல்லாத வரியையும் அதே 0 டிகிரியோடு கீழே சேர்த்து வைத்தார்கள். பிரவுசர் புதுப்பிக்கப்பட்ட அன்று வண்ணம் திரும்பிக்கொண்டது. நானும் அப்படி வரிகளை அடுக்கி வைத்தவன்தான்.

இதற்கிடையே ஸ்மார்ட்போன் பரவியது. ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டின் பிரவுசரையும் அப்போது உள்ளிருந்து இயக்கியது வெப்கிட்தான். ஆகவே பலர் ‘-வெப்கிட்-’ வரியை மட்டும் எழுதிவிட்டு வேலையை முடித்தார்கள். வேறு பிரவுசரில் அந்தப் பக்கங்கள் கோணலாகத் தெரிந்தன. பயனர் தளத்தைத் திட்டுவதில்லை, பிரவுசரைத்தான் திட்டுவார். வேறு வழியின்றி 2012-இல் ஓபராவும், 2016-இல் 49-ஆம் பதிப்பில் பயர்பாக்ஸும் போட்டியாளரின் முன்னொட்டைப் புரிந்துகொள்ளத் தொடங்கின. தற்காலிகம் என்று ஒட்டிய சீட்டையே கடைசியில் தரநிலையாக எழுதிவைக்க வேண்டியதாயிற்று. வரைவு மாறி நம் பக்கம் உடைவதைவிட, நம்மால் வரைவே மாற முடியாமல் போவதுதான் பெரிய ஆபத்து என்பேன். முதல் இழப்பு நம்மோடு போகும், இரண்டாவதை எல்லோரும் சுமக்க வேண்டும்.

சில வரைவுகள் இதற்கு நேர்மாறாகத் திடீரென்று காணாமல் போகும். பிரவுசரும் சர்வரும் இணைப்பை அறுக்காமல் இருபுறமும் பேசிக்கொள்ள உதவும் வெப்சாக்கெட்டின் ஆரம்பகால வரைவில் ஓட்டை இருப்பது 2010-இல் தெரியவந்தது. இடையில் நின்று கோரிக்கைகளைக் கடத்தும் சர்வரான ப்ராக்ஸியை ஏமாற்றி, அதன் சேமிப்பில் போலிக் கோப்பை நுழைத்துவிடலாம். பயர்பாக்ஸும் ஓபராவும் அந்த அம்சத்தை அணைத்துவைத்தன. சரிசெய்த தரநிலை 2011 டிசம்பரில்தான் வந்தது. நடுவில் அதை நம்பியிருந்தவர்களுக்கு மாதக்கணக்கில் காத்திருப்பு.

இப்போது முன்னொட்டு வழக்கம் அநேகமாக ஒழிந்துவிட்டது. குரோமில் ‘ஆரிஜின் ட்ரயல்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. புதிய அம்சம் வேண்டுமானால் உங்கள் தளத்தின் பெயருக்கு ஒரு டோக்கன், அதாவது அனுமதிக் குறியீடு, பெற வேண்டும். அது குறிப்பிட்ட நாளில் காலாவதியாகிவிடும். அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு விதி: குரோமில் திறக்கப்படும் பக்கங்களில் 0.5 சதவீதத்துக்கு மேல் அந்த அம்சம் பரவிவிட்டால், சோதனை தானாகவே நின்றுவிடும். பிரபலமாவதே தண்டனைக்குரிய குற்றம்!

ஆனால் பழைய தடங்களை இது அழிக்காது. ஒரு செய்திச் சுருக்கத்தை மூன்று வரியோடு வெட்டி, முடிவில் மூன்று புள்ளி வைக்க வேண்டுமா? இன்றும் வழக்கமாக எழுதுவது ‘-வெப்கிட்-லைன்-கிளாம்ப்’. அது வேலை செய்ய, கூடவே ‘-வெப்கிட்-பாக்ஸ்’ என்றும் எழுத வேண்டும். அந்த ‘பாக்ஸ்’, பக்கத்தில் பெட்டிகளை அடுக்கும் சிஎஸ்எஸ் முறையான பிளெக்ஸ்பாக்ஸின் 2009 வரைவில் இருந்த சொல். அந்த வரைவைக் குழு எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டது. பயர்பாக்ஸ் 2019-இல் அதையும் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டது, வெப்கிட் என்ற பெயரோடேயே.